எஸ்கிலின் டோக்கன்

மொன்டானா சுரங்க ஊர் ஒன்றில், டெல்ஃபீனின் விலைமாதர் விடுதியில் ஒட்டீலி இருந்தாள். கீழே காசு கட்டியவர்கள் பித்தளை டோக்கனோடு மாடிக்கு வருவார்கள். எஸ்கில் என்ற சுரங்கத் தொழிலாளி மட்டும் டோக்கனைக் கொடுத்துவிட்டு, அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிவிடுவான்.

சுரங்கம் இடிந்து, கால் ஒடிந்து அவன் இறந்தபோது சட்டைப்பையில் ஒரு டோக்கன் மிச்சமிருந்தது. ஒட்டீலி அதில் ஊசியால் தன் பெயரைக் கீறி, சவப்பெட்டியில் அவன் கைக்குள் வைத்தாள்.

பனி உருகிய ஒரு மத்தியானம் டெல்ஃபீன் மேலே வந்து, மண் ஒட்டிய டோக்கனை நீட்டினாள்.

“கீழ ஒருத்தன் குடுத்தான்டி. தொப்பியக் கழட்டல, மூஞ்சி தெரியல. வேணாம்னா சொல்லு, அனுப்பிடறேன்.”

ஒட்டீலி மண்ணைத் துடைத்தாள். தன் பெயரைப் பார்த்தாள்.

“வரட்டும்க்கா. மெதுவா ஏறச் சொல்லுங்க, அவருக்குக் கால் ஒடிஞ்சிருக்கு” என்றபடி படுக்கையை உதறி விரித்தாள்.