சிறகி தப்பிச்சுடுறாளா?

"ஏங்க, கடைசியில யாரு சாகுறாங்க?"

காலைக் காட்சி முடிந்து வெளியே வந்தவர்களை மறித்து மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தார் அந்த பஸ் டிரைவர். டியூட்டி முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

அடுத்த காட்சிக்கான வரிசையில் நின்றிருந்த தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"அக்கா, அந்த ஆளை நிறுத்தச் சொல்லுக்கா. யாராவது பதில் சொல்லித் தொலைச்சா நம்ம கதி என்ன?"

அவன் பயம் நியாயம்தான். ஆறு சூப்பர் ஹீரோக்களும் முதல் தடவையாக ஒரே படத்தில் சேர்ந்திருக்கிறார்கள். 'ஆறு பேர் போகிறார்கள். ஒருவர் திரும்புவதில்லை' என்று போஸ்டரிலேயே போட்டிருந்தது. அந்த ஒருவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாதே என்று அக்காவும் தம்பியும் விடிந்ததிலிருந்து போனைத் தொடவில்லை. இருவருமே ஆபீஸில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்.

வெளியே வந்த கூட்டத்தில் விசிலடித்தவர்கள் இருந்தார்கள், கண் சிவந்து வந்தவர்களும் இருந்தார்கள். முடிவை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

"உள்ள போய்ப் பாருங்க சார்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண் நகர்ந்தாள்.

"ரசிகனுக்கு ரசிகன் துரோகம் பண்ணலாமா?" என்று ஒருவன் சிரித்தான்.

டிரைவர் விடுவதாக இல்லை.

"மத்தவங்க கிடக்கட்டும். அந்தச் சிறகி மட்டும் தப்பிச்சுடுறாளா? வாயால சொல்ல வேணாம், தலையாட்டினாப் போதும்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நேராக அவரிடம் போனாள்.

"இத்தனை பேரு ஆசையில ஏன் சார் மண்ணை அள்ளிப் போடறீங்க? தெரியணும்னா டிக்கெட் எடுத்துப் பாருங்க."

"தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க."

தணிவாகச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அங்கேயும் அதையே கேட்டார்.

வரிசை முணுமுணுத்தது. "செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கப்பா!"

கடைசியாக வந்த ஒரு பெரியம்மா நின்றார். டிரைவர் குனிந்து அவரிடம் ஏதோ சொன்னார். பெரியம்மா ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் காதில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

"சாதிச்சுட்டாருய்யா!" என்று வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. சிறகியின் பெரிய கட்-அவுட் பக்கம் போனார். அங்கே அட்டையில் சிறகு கட்டிக்கொண்டு, சிறகி மாதிரியே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தது ஒரு பெண் குழந்தை. எட்டு வயது இருக்கும்.

"பாப்பா, வா, வீட்டுக்குப் போகலாம்."

"படம்ப்பா?"

"மெஷின் ரிப்பேராம்டா. இன்னிக்குப் படம் கிடையாதாம்."

குழந்தையின் உதடு பிதுங்கியது. "அப்ப இவங்கல்லாம் ஏன் நிக்கிறாங்க?"

வரிசையில் இருந்தவர்களுக்குக் கோபம் தலைக்கேறியது. "இவரு கதையைத் தெரிஞ்சுக்குவாராம், புள்ளைக்குப் படம் கிடையாதாம்! இப்படியும் ஒரு அப்பன்!"

அக்கா குழந்தையின் எதிரே போய்க் குனிந்தாள்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகலடா. உங்கப்பா சும்மா சொல்றாரு. நீ எங்ககூட வா, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து பாரு."

குழந்தை சட்டென்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

டிரைவர் பதறிப்போனார். "அம்மா, ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

கட்-அவுட்டுக்குப் பின்னால் இரண்டு பேரும் பேசியது கொஞ்ச நேரம்தான். திரும்பி வந்த அக்காவின் முகம் வேறு மாதிரி இருந்தது.

"பாப்பா, நான்தான் தெரியாம சொல்லிட்டேன். மெஷின் ரிப்பேர்தானாம். நாங்களும் வீட்டுக்குத்தான் கிளம்பறோம்."

"நிஜமாவா?"

"நிஜமா. இந்த அண்ணனைக் கேளேன்."

தம்பி திருதிருவென விழித்தான். அக்கா அவன் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஆ... ஆமா பாப்பா. மெஷின்ல புகையே வந்துடுச்சு."

குழந்தை அரைமனதாக நம்பியது. அதன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு அக்காவும் கேட் வரை நடந்தாள். தம்பியும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தான்.

"ஆன்ட்டி, சண்டையில சிறகி ஜெயிச்சுடுவா இல்ல?"

"சிறகியாச்சே, ஜெயிக்காம இருப்பாளா?"

டிரைவர் கைகூப்பினார். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். அட்டைச் சிறகு அவர் கன்னத்தில் இடித்தது. அவர் விலக்கிவிடவில்லை.

அவர்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் தம்பி வெடித்தான்.

"என்னக்கா இது? வரிசையில நம்ம இடமும் போச்சு! திட்டப் போன நீயே அந்தாளோட சேர்ந்து பொய் சொல்றே. அப்படி என்னதான் சொன்னாரு?"

அக்கா தெருவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சண்டையில அடிபட்ட சிறகி ஆபரேஷன் மேஜையிலேயே செத்துடுறாளாம்டா, அவ பொண்ணு வெளிய காத்துக்கிட்டு நிக்குதாம்... இந்தக் குழந்தையோட அம்மாவுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன்."