கோதண்டம் கேட்ட ஒரு மணி நேரம்

“கதவைத் தொற அண்ணாத்தே! நாயை வெளிய உடு. மத்தத நாங்க பாத்துக்கிறோம்.”

நாகப்பன் கையில் உருட்டுக்கட்டை. அவன் பின்னால் முத்தாபுதுப்பேட்டையின் அந்தத் தெருவே திரண்டு நின்றது. சாத்திய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார் கோதண்டம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, நெற்றி நிறைய திருநீறு. வள்ளலார் வழிக்காரர். முப்பது வருஷமாக ஒரு கொசுவைக்கூட அடித்ததில்லை என்று தெருவே கேலி செய்யும் மனுஷர்.

“அடிக்க உடமாட்டேன் நாகப்பா.”

“வெறி புடிச்ச நாய் அது! நேத்து ராஜம்மா ஊட்டு ஆட்டைக் கடிச்சிட்சி. நாளைக்கு ஒரு கொழந்தையைக் கடிச்சா நீ வந்து பதில் சொல்லுவியா?”

“போன மாசம் அதை ஒரு வெறிநாய் கடிச்சுது. அது இன்னா பண்ணும், பாவம்?”

“பாவம் பாக்கற நேரமா இது?”

அந்தத் தெருவில் அவர் பேச்சுக்கு என்ன மரியாதை இருக்கிறது? எண்பத்து மூணாம் வருஷ ஆடித் திருவிழாவில், அம்மனுக்கு வெட்ட இழுத்து வந்த கிடாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். அன்றைக்கு ஒதுக்கியவர்கள்தான். இந்த நாலு வருஷத்தில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, எதற்கும் யாரும் அவரை அழைக்கவில்லை. போன வருஷம் மனைவி வசந்தாவும் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் உள்ளே கிடக்கும் இந்த நாய் ஜிம்மி ஒன்றுதான். அவர் வரவில்லையே என்று வாசலைப் பார்க்க உலகத்தில் வேறு ஆளில்லை.

“அம்மன் கையில இன்னா கீது அண்ணாத்தே? சூலம்தானே? சாமியே சம்ஹாரம் பண்ணுது. நீ இன்னா, சாமிக்கு மேலயா?”

“யாரைக் குத்தணும்னு அம்மனுக்குத் தெரியும். உனுக்குத் தெரியுமா?”

“அட, நீயும் உன் தத்துவமும்!”

உள்ளே கதவைப் பிறாண்டும் சத்தம். தொடர்ந்து ஒரு ஊளை. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரு மணி நேரம் குடுங்க. அப்புறம் நானே தொறக்கறேன். உங்க காலுல வுழறேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை, விழுந்தே விட்டார். அறுபது வயது மனுஷர் மண்ணில் கிடப்பதைப் பார்த்து நாகப்பனுக்கே சங்கடமாகிவிட்டது.

“எந்திரி அண்ணாத்தே. ஒரு மணி நேரம்தான், ஆமா!”

“நாய் புடிக்கிற முனிசிபாலிட்டி வண்டிக்குச் சொல்லி அனுப்பிகீறாரோ?”

“வண்டியாவது ஒண்ணாவது! ஜோதியை வேண்டிக்கினு கீறாரு.”

கூட்டம் ஆளுக்கொன்று பேசியது. கோதண்டம் கதவில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறாண்டல் குறைந்தது. ஊளை முனகலானது. பிறகு அதுவும் நின்றது.

எழுந்து கதவைத் திறந்தார். அவருடைய பழைய வேட்டியின் மேல் சுருண்டு கிடந்தது ஜிம்மி. மூச்சில்லை.

நாகப்பன் கட்டையைக் கீழே போட்டான். ராஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“தானாவே அடங்கிட்சே! பாத்தியாண்ணே, உன் விரதத்தை ஆண்டவனே காப்பாத்திட்டான். உன் கையிலயும் பாவம் இல்ல, எங்க கையிலயும் இல்ல. இந்த ஆடிக்கு நீ கண்டிப்பா கோயிலுக்கு வரணும், சொல்லிட்டேன்!”

நாலு வருஷம் கழித்து ஓர் அழைப்பு. கோதண்டம் தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் யாராவது உட்கார்ந்தால் தேவலை என்றிருந்தது. யாரும் உட்காரவில்லை.

எல்லோரும் போன பிறகு, மூலையில் கிடந்த தட்டை எடுத்துப் போய்க் கழுவினார். வசந்தா மிச்சம் வைத்துப் போன தூக்க மாத்திரை பதினெட்டையும் பொடித்து, தயிர்சாதத்தில் பிசைந்து, காலையில் ஜிம்மிக்கு அவர் தன் கையாலேயே ஊட்டிய தட்டு அது.