வாத்தியாரின் மூன்று பதக்கங்கள்

கப்பல் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற கடற்படை வாத்தியார் ரட்ஜ், மார்பில் மூன்று பதக்கங்கள் மினுங்க, போர்ட்ஸ்மவுத் துறைமுக நகரில் விதவை கெசியாவைப் பெண் கேட்கப் போனார். தேநீர் வந்ததும் மனசு உறுத்தியது.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். சண்டைக்குப் போன கப்பல்ல இருந்த எல்லாருக்குமே பதக்கம் உண்டு. பீரங்கி வெடிச்சப்ப நான் கீழ்த்தளத்துல, மேசைக்கடியில பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லிட்டிருந்தேன்."

"பசங்களுக்கா?"

"அவங்க பீரங்கிக்கு ஓடிட்டாங்க. எனக்கே சொல்லிக்கிட்டேன். அதையும் தப்பாத்தான் சொன்னேன்."

கெசியா சிரிக்கவில்லை. காரியம் கெட்டதென்று ரட்ஜ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்க வாத்தியாரே."

அலமாரியிலிருந்து இரண்டு பதக்கங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"இது என் முதல் புருஷனோடது, இது ரெண்டாமவரோடது. ரெண்டு பேருமே பெரிய வீரனுங்க. ரெண்டும் தபால்ல வந்துச்சு. உங்களோடதுதான் ஆளோட சேர்ந்து வந்திருக்கு."