நேரான முகம்

"அவளுக்கு மட்டும் ரெண்டு கன்னத்துலயும் ஊசி. எனக்கு ஒரு கன்னத்தோட சரியா, டாக்டர்?"

யூஃபென் படுக்கையில் சாய்ந்தபடியே கேட்டாள். வாயின் வலப்பக்கம் தொங்கிக் கிடந்ததால் பாதிச் சொற்கள் காற்றாகத்தான் வந்தன. கோபம் மட்டும் முழுசாக வந்தது.

டாக்டர் கோங் நிமிரவில்லை. பக்கத்துப் படுக்கையில் லிச்சிங்கின் கன்னத்தில் நின்ற ஊசியைத் திருகிவிட்டு, மூலிகைச் சுருட்டைப் பற்றவைத்து அவள் காதோரமாகக் காட்டினார்.

"உனக்கு எங்க தேவையோ அங்கதாம்மா குத்தறேன். பேசாம படு. பேசினா ஊசி ஆடும்."

யூஃபெனுக்குப் பேசாமல் படுக்க முடியவில்லை. எப்படி முடியும்? ஷாவ்சிங் நகரின் இந்தச் சந்து வைத்தியசாலைக்கு இருவரும் ஒரே வாரத்தில்தான் வந்தார்கள். முகவாதம். இவளுக்கு வலப்பக்கம் விழுந்திருந்தது, லிச்சிங்குக்கு இடப்பக்கம். இருவருக்கும் காற்று அடித்ததுதான் காரணம் என்றார் டாக்டர். முதல் நாள் லிச்சிங்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள், "அக்கா, நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத் தைச்சா ஒரு நல்ல மூஞ்சி தேறும்." தையல்காரி புத்தி.

சனிக்கிழமைகூட அவள் வாய் காதுவரை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. நேற்று ஞாயிறு, விடுமுறை. இன்று வந்து படுத்தாள், வாய் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது. பார்த்ததும் யூஃபெனுக்கு வயிறு எரிந்தது. சந்தோஷப்படத்தான் வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். வரவில்லை.

மூலைப் படுக்கையில் முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொண்டிருந்த கிழவர் சாவ் தூபம் போட்டார். "டாக்டருக்கு அந்தப் பொண்ணு மேல தனிப் பாசம் போலிருக்கு."

"பாசமாவது? ஒரு ஜாடி அரிசி மது வீட்டுக்குப் போயிருக்கும். நானும் இவ்வளவு நாளா சோயாப் பால்தானே கொண்டாந்து கொடுத்தேன். அதான் எனக்கு ஒரு கன்னம்."

"உன் சோயாப் பால் நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். லிச்சிங்கின் இரண்டு கண்களிலும் ஈரப் பஞ்சை வைத்தார்.

"பாருங்க, கண்ணுக்குப் பஞ்சு வேற. மகாராணி. இன்னிக்கு மக கையப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டு வர்றா. அதோ, வெளியில காத்துக்கிட்டு நிக்கிறா பாருங்க. என் பையனும் இருக்கானே, கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கக் கொடுக்கவே நேரம் சரியா இருக்கு அவனுக்கு."

கல்யாணம் என்றதும் அவள் குரல் இறங்கிவிட்டது. வருகிற சனிக்கிழமை மகனுக்குக் கல்யாணம். மருமகள் மண்டியிட்டுத் தேநீர் நீட்டுவாள். மாமியார் சிரித்த முகத்தோடு வாங்கிக் குடித்துவிட்டு, பணம் வைத்த சிவப்பு உறையை அவள் கையில் வைக்க வேண்டும். இவள் குடித்தால் பாதித் தேநீர் மோவாயில் வழியும். சிரித்தால் உதடு ஒரு பக்கமாக ஏறி, ஏளனம் செய்வது போல இருக்கும். பெண் வீட்டார் ஏற்கெனவே தொட்டாற்சிணுங்கிகள்.

"மாமியார்க்காரி முதல் நாளே மூஞ்சியக் கோணிக்கிட்டா-ன்னு ஊர் பூரா சொல்லுவாங்க, டாக்டர். அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் மறக்காது."

"ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு வேகம்மா."

"அப்படின்னா என் உடம்பு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? பக்கத்து வீட்டுக்காரி சொன்னான்னு விலாங்கு ரத்தம்கூடப் பூசிப் பார்த்துட்டேன். என் புருஷன் ராத்திரி பூரா மூக்கப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் படுத்தாரு. தேறினது ஒண்ணுமில்ல."

கிழவர் சாவ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டாக்டரே வாயைப் பொத்திக்கொண்டார். லிச்சிங்கின் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. முன்பெல்லாம் இதில் பாதிப் பேச்சுக்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவள்.

நேரமானதும் டாக்டர் அவள் ஊசிகளையெல்லாம் எடுத்தார். மகள் உள்ளே வந்து அம்மாவின் கழுத்தில் சால்வையைச் சுற்றினாள். யூஃபெனின் படுக்கையைக் கடக்கும்போது லிச்சிங் நின்றாள். யூஃபெனுக்கு அடக்க முடியவில்லை.

"மூஞ்சி சரியானதும் ஆளே மாறிட்ட, லிச்சிங். எங்களப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா குறைஞ்சா போயிடுவ?"

லிச்சிங் அவளையே பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது. ஏதோ சொல்ல வந்தவள், தொண்டைக்குள் முனகிவிட்டு மகளோடு வெளியேறினாள்.

"பாத்தீங்களா திமிர? ஒரு வார்த்தை சொல்ல முடியல அவளால."

டாக்டர் கைகளைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தார். அவர் சட்டைக் கையை யூஃபென் பிடித்துக்கொண்டாள். இப்போது கோபம் போய் அழுகை வந்திருந்தது.

"நான் பொறாமைக்காரிதான், ஒத்துக்கறேன். வேற எதுவும் வேண்டாம் டாக்டர். சனிக்கிழமைக்குள்ள என் மூஞ்சியையும் அவளோடது மாதிரி ஆக்கிடுங்க."

டாக்டர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். தாயும் மகளும் ஏறிய வண்டி கிளம்பிப் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"முதல்ல வாயக் கழுவும்மா. இப்போதைக்கு என்னால முடிஞ்சதச் செஞ்சு, அவளப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன். உன் வாய் கோணியிருக்குன்னா, ஒரு பக்கமாவது உசிரோட இழுக்குதுன்னு அர்த்தம். அவளுக்கு நேத்து அந்த நல்ல பக்கமும் விழுந்துடுச்சு."