பச்சைக் கீறல்

அம்மாவின் ஹெல்மெட் வைசரில் பச்சை நிறம் ஒட்டியிருந்தது.

முகத்தை மூடும் அந்தக் கண்ணாடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தூசியெல்லாம் போன பிறகும் அந்தப் பச்சை போகவில்லை. நெற்றிக்கு நேரே நான்கைந்து கீறல்கள். அவற்றுக்குள் மெல்லிய பச்சைப் பெயின்ட்.

இன்று காலை அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், வைசர் கீறியிருக்கிறது என்று ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். மகன் ஹெல்மெட் கடை வைத்திருந்தும், நான் தேய்த்துத் தருகிறேன் என்று எத்தனை தடவை கேட்டும், அதுவரை அவள் கொடுத்ததே இல்லை.

பதினோரு வருடமாக ஹெல்மெட் விற்கிறேன், கீறல் எடுக்கிறேன். வைசரைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். வட்டவட்டமாக மங்கியிருந்தால் சட்டை நுனியால் துடைக்கிறவர். நடுவில் பொடிப்பொடியாக இருந்தால் தரையில் கவிழ்த்து வைக்கிறவர். பற்பசையைப் போட்டுத் தேய்த்துவிட்டு, தானாகவே இப்படி ஆகிவிட்டது என்று சத்தியம் செய்கிறவர்களும் வருவார்கள். அவர்களுக்கும் சிரிக்காமல் வேறு வைசர் மாட்டிக் கொடுப்பேன்.

நெற்றிக்கு நேரே, உள்ளே பெயின்ட்டோடு விழும் கீறல் ஒரே வழியில்தான் வரும். முன்னால் ஓட்டுகிறவர் சட்டென்று பிரேக் பிடிக்க, பின்னால் இருப்பவரின் வைசர் முன்னவருடைய ஹெல்மெட்டின் பின்புறத்தில் போய் முட்டும்.

அம்மா பின்னால் உட்காருவது என் வண்டியில் மட்டும்தான். என் ஹெல்மெட் கறுப்பு.

எதற்கும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. எப்படி இருக்கும்? நான் ஓட்டினால் நடந்து போகிறவர்களெல்லாம் நம்மைத் தாண்டிப் போகிறார்கள் என்று கேலி செய்கிறவள் அவள். என் வேகத்துக்கு வைசரை இறக்க வேண்டிய அவசியமே இல்லையாம், தூக்கிவிட்டபடியேதான் வருவாள்.

காலையில் நான் இறக்கிவிட்டால், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் மேசைக்கு அடியில் ஹெல்மெட் மாலைவரை கிடக்கும். திரும்புவது பஸ்ஸில். இரண்டு மாதமாக அரை மணி முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பஸ்ஸுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபம் வந்தது. அப்பா போய் ஒன்பது வருடம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மூக்குக்கண்ணாடிக்கு ஃபிரேம் மாற்றுவதைக்கூட என்னிடம் நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் மாற்றுவாள். இதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் நான் வேண்டாமென்றா சொல்லியிருப்பேன்?

சொல்லியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டினேன். நகம் மாட்டாவிட்டால் க்ரீம் போட்டுத் தேய்த்தால் போதும். மாட்டினால் வைசரையே மாற்ற வேண்டியதுதான். மாட்டியது.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவருக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கும். வண்டியின் கண்ணாடியில் குனிந்து பார்த்துத் தலையை வாரினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஹெல்மெட் காட்ட வருகிறவர்கள் இவ்வளவு மெனக்கெடுவதில்லை.

இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார், பின்புறம் என்னைப் பார்க்கும்படி. நல்ல பச்சை. பின்னந்தலை உயரத்தில் பெயின்ட் உரிந்த சின்னச் சின்னக் கோடுகள்.

நான் அம்மாவின் வைசரை எடுத்து அந்தக் கோடுகள்மேல் வைத்துப் பார்த்தேன். உயரம் கச்சிதமாக இருந்தது.

அது யாருடைய வைசர் என்று அவர் கேட்கவில்லை. அவர் கண் ஹெல்மெட்டில் இல்லை, என் முகத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இரண்டு ஹெல்மெட் கடைகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவங்கதான் அனுப்புனாங்க. நீங்க எதுவும் பேச வேண்டாம், ஹெல்மெட்டை மட்டும் காட்டுங்க, பார்த்தாலே அவனுக்குப் புரிஞ்சிடும்னாங்க" என்றார்.

காலையில் அம்மா ஏன் அப்படி விறுவிறுவென்று உள்ளே போனாள் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னிடம் வாய்விட்டுச் சொல்ல அவளுக்குப் பயம். என்னைப் பெற்ற தாய்க்கே பயம் காட்டி வைத்திருக்கிறேன். அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பச்சை ஹெல்மெட்டுக்கு க்ரீம் போட்டுத் தேய்த்தேன், தேவைக்கு அதிகமாகவே அழுத்தி. இருபது நிமிடம் ஆனது. கோடுகள் பாதி போயின. மீதி போகாது என்றேன். பரவாயில்லை என்று தலையாட்டினார்.

அலமாரியிலிருந்து புது வைசர் எடுத்து அம்மாவின் ஹெல்மெட்டில் மாட்டினேன். மேலும் கீழும் இரண்டு தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தேன்.

சாயங்காலம் நான் கொண்டுபோய்க் கொடுப்பதாகத்தான் இருந்தது. இரண்டு ஹெல்மெட்டையும் அவர் கையிலேயே கொடுத்தேன்.

"பிரேக்கை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே பிடிங்க சார். அம்மாவுக்குக் கழுத்துவலி இருக்கு."