பம்புக்குள் அரிசி

இரண்டு கையையும் விட்டுவிட்டு அரசாங்கத்தைத் திட்டியதால், சைக்கிளோடு கால்வாயில் விழுந்தேன். மலாயாவில் அவசரகாலமாம்! பாரோயிலிருந்து பெடாஸ் வருவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தி, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறேனா என்று சைக்கிள் பம்பைக்கூடத் திறந்து பார்த்தார்கள்.

என்னிடம் கோபித்துக்கொண்டு தாய்வீடு போன நீலாவதி, ரப்பர் தோட்டத்து முள்வேலிக்கு உள்ளே நின்றாள்.

“எங்க போற, யாரப் பாக்கற, எப்பத் திரும்புவேன்னு கேட்டே கொன்னுட்டானுங்க நீலா! நான் என்ன திருடனா? மனுசனுக்கு மானம் இல்லியா?”

அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த கால்வாய்ச் சேற்றைப் பார்த்தாள்.

“இந்த வேலிக்குள்ள என்ன சொகத்தக் கண்ட? ஏன் போனேன்னாவது சொல்லுலா!”

“இங்க காலையில கேட்ல ஒரு தடவதான் சோதன போடுறாங்க,” என்றாள். “நம்ம வீட்டுல, பைப்படிக்குப் போயிட்டு வந்தாலும் யாரப் பாத்தேன்னு நீங்க சோதன போடுவீங்க.”