சிவப்புக் கயிறு கட்டின பாட்டில்

கல்வராயன் மலையில் இரண்டு நாள் சுற்றக் கிளம்பின வடக்கனந்தல் இளைஞர் மன்றத்துப் பசங்களில் கவியரசனுக்கு மட்டும் எதைப் பார்த்தாலும் குமட்டியது. ஒருவன் எச்சில் பண்ணின பாட்டிலில் அடுத்தவனும் வாய் வைத்துக் குடிக்கிறான். புளிசோறு தின்ற கையைக் கால்சட்டையிலேயே துடைக்கிறான். சே, மனுஷப் பிறவிகளா இதுங்க?

கூடாரம் போட்டதும் தன் பாட்டிலின் கழுத்தில் சிவப்புக் கயிற்றைக் கட்டி, மற்ற பாட்டில்களோடு ஒட்டாமல் தள்ளி, ஒரு பாறையோரம் வைத்தான். தாகம் எடுத்தபோதெல்லாம் அங்கே போய்த்தான் குடித்தான். எவ்வளவு குடித்தும் தண்ணீர் குறைந்த மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் காலையில் பாட்டிலைக் காணோம். தேடிக்கொண்டிருக்கும்போதே, கூட வந்த இளமாறன் அதைக் கையில் பிடித்தபடி புதருக்குள்ளிருந்து வந்தான்.

"டேய், அதுல வாய் வச்சியா?" என்று கவியரசன் பாய்ந்தான்.

"சீ, இதுல போய் எவனாவது வாய் வைப்பானா?" என்று இளமாறன் முகத்தைச் சுளித்தான். "வெளிக்குப் போறதுக்குன்னுதான கயிறு கட்டித் தனியா வச்ச? நேத்துலேர்ந்து எல்லாரும் இதைத்தான் எடுத்துக்கினு போறோம். அடுத்தவனுக்கு வேணுமேன்னு ஓடையில ரொப்பி ரொப்பி வைக்கிறோம். ஆமா, நீ இன்னாத்துக்குடா வாயைப் பொத்திக்கினு ஓடுற?"